தானத்துக்கு ஒதுக்கிய சட்டைகள்

மார்ச் 3, 2025, திங்கள்

இரண்டு மாத விடுப்பு முடிந்து வேலைக்குப் போனேன். குழந்தை உடுப்பு கம்பெனி. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மேனேஜர் ரத்தினவேல் சார் வேறு பிரிவு வேண்டுமா என்றார். எதுவானால் என்ன? தானப் பிரிவைக் கொடுத்தார். ஒரு சட்டை விற்றால், அரசு ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைக்கு ஒரு சட்டை இலவசம். அட்டையில் அப்படி அச்சடித்துத்தான் விற்கிறோம்.

மார்ச் 5

சாம்பல் புதன். வீட்டுக்காரர் ஆசீர் மட்டும் கோயிலுக்குப் போய்வந்தார். நான் படுத்திருந்தேன்.

மார்ச் 11

குடோனில் துறையூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் பெட்டிகளைப் பிரித்தேன். டிசம்பரில் தரப் பரிசோதனையில் நானே கழித்துப்போட்ட சட்டைகள். அப்போது எனக்கு ஏழாம் மாதம். இழுத்தால் பட்டன் கையோடு வரும், குழந்தை விழுங்கிவிடும் என்று எழுதியிருந்தேன். இன்றும் இழுத்தேன். வந்தது.

சாரிடம் சொன்னேன். "இலவசமா குடுக்கிறதுதானேம்மா. கையெழுத்துப் போடுங்க" என்றார்.

போட்டேன்.

ஏன் போட்டேன்? கோபம் வரவில்லை. பயமும் இல்லை. பேனா கையில் இருந்தது, அவ்வளவுதான்.

மார்ச் 12

சாப்பிட்டேன். தூங்கினேன்.

மார்ச் 14

துறையூர் ஆஸ்பத்திரி. தாய்மார்களுக்குச் சட்டை கொடுத்து, படம் எடுத்தோம். உப்பிலியபுரத்துக்காரி செண்பகவல்லி, பிறந்து ஆறு நாளான மகளுக்கு அங்கேயே போட்டுவிட்டாள். மூத்தவளுக்கு இரண்டு வயது இருக்கும். தங்கையின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பட்டன் அவள் வாய்க்குள் போய்விட்டது. விரலை விட்டு எடுத்தேன். கடித்துவிட்டாள். வலித்தது.

பிறகு கட்டில் கட்டிலாகப் போய் எல்லாச் சட்டைகளையும் திரும்ப வாங்கினேன். படம் எடுக்க வந்தவர் ரத்தினவேல் சாருக்கு போன் போட்டார். ஒரு அம்மா கேட்டார்: "குடுத்துட்டு பிடுங்குறீங்களே, எங்களைப் பாத்தா எப்படி இருக்கு உங்களுக்கு?"

என் கையெழுத்துல வந்ததுன்னு அவங்ககிட்ட எப்படிச் சொல்றது — எனக்குத்தான் எதுவும் உறைக்கலைன்னா, அதுக்கு இன்னொருத்தி புள்ளையா பலியாகணும்?

மார்ச் 17

சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். நான் கையெழுத்துப் போட்டதையும் மறைக்கவில்லை.

மார்ச் 20

சஸ்பெண்ட். இரண்டு வாரம்.

ஏப்ரல் 9

கடைக்குப் போகும் சட்டைக்கும் தானத்துக்குப் போகும் சட்டைக்கும் இனி ஒரே பரிசோதனை என்று உத்தரவு வந்திருக்கிறது. துறையூருக்குப் பட்டனுக்குப் பதில் நாடா வைத்த சட்டைகள் போயின. ரத்தினவேல் சார் என்னிடம் பேசுவதில்லை.

சாயங்காலம் ஆசீர் ஸ்ரீரங்கத்துப் பள்ளியிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்து, பட்டன், சஸ்பெண்ட். லீவு என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தேன். திட்டவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அதனால் ஜனவரியையும் சொன்னேன். உயிரில்லாமல் பிறந்த எங்கள் மகளின் முகத்திலிருந்து நர்ஸ் துணியை விலக்கியபோது அவர் வெளியே போய்விட்டார். நான் பார்த்தேன். இதுவரை சொன்னதில்லை.

என் பக்கம் திரும்பினார்.

"யார் மாதிரி இருந்தா?"

"மூக்கு உங்களோடது" என்றேன்.