அம்மாள் நேர்ந்த பூக்குழி

இலஞ்சி,
சுபானு வருஷம் பங்குனி மாதம்

சிரஞ்சீவி சுந்தரபாண்டிக்கு அப்பா பிச்சையா அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது. குமாரசுவாமி கிருபையால் இவ்விடம் நானும் உன் அம்மாள் உலகம்மாளும் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம். அவ்விடம் பூனா ஆஸ்பத்திரியில் உன் உடம்பு இருக்கிற நிலைமைக்கு எழுதவும். எழுதும்போது சுகம் என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடாதே, அந்த வார்த்தையை நாங்கள் இனி நம்புவதாக இல்லை.

ஊர்ச் சேதி என்றால், சிவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. பிசான நெல் அறுப்பு முடிந்தது, விளைச்சல் சுமார், அதிலும் சண்டையைச் சொல்லி சர்க்கார் கொள்முதல் போக மிச்சம்தான் நமக்கு. மண்ணெண்ணெய் கண்ணால் பார்க்கக் கிடைக்கவில்லை. குற்றாலத்தில் பேரருவி இப்போது பாறையில் ஈரமாகத்தான் இருக்கிறது. செங்கோட்டையில் உன் தங்கை பாலம்மாளுக்குச் சித்திரையில் வளைகாப்பு வைத்திருக்கிறோம், அண்ணன் எப்போது வருவான் என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்கிறாளாம். நீ போன கடிதத்தில் எழுதியிருந்ததை அவளிடம் சொல்லவில்லை. இந்தச் சித்திரைக்குள் மரக்கால் மாட்டி நடந்து வந்து அம்மாள் நேர்ந்தபடி பூக்குழி இறங்குவேன், இறங்கக் கால் இல்லையென்றால் ஊர்ப்பக்கமே வரமாட்டேன், என்னைத் தலைமுழுகிவிடுங்கள் என்று எழுதியிருந்தாயே, அதைத்தான் சொல்கிறேன். பெற்றவர்களுக்கு எழுதுகிற எழுத்தா அது? படித்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது, பயம் பிறகுதான் வந்தது.

பயம் வந்தது நாறும்பூநாதனால். உன் வார்டில் கிடந்தானே ஆய்க்குடிப் பையன், வலது கை விளங்காமல் போனதென்று பட்டாளத்திலிருந்து ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம், போன வாரம் நம் வீட்டுக்கு வந்தான். உன் அம்மாள் சோறு போட்டு உன்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தாள், அவனும் நல்லா இருக்கான் ஆச்சி, நல்லா இருக்கான் ஆச்சி என்றே சாப்பிட்டு முடித்தான். கை கழுவப் போன இடத்தில் என்னைத் தனியே கூப்பிட்டு, அய்யா ஒங்ககிட்ட மறைக்கக் கூடாது, வார்டு முச்சூடும் நடந்தே தீருவேன்னு நிக்கான், விழுதான், எந்திரிக்கான், மறுபடி விழுதான், வெட்டுன எடம் கிழிஞ்சு ரத்தமா கெடக்கு, டாக்டர் பாத்தா முட்டுக்கு மேல எடுத்துருவாருன்னு பழைய துணிய மேல சுத்தி மறைக்கான், சீழ் வச்சா உசுருக்கே ஆவத்துய்யா என்று சொன்னான். அன்று முதல் தபால்காரர் தெருவில் திரும்பினாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். உன் அம்மாளிடம் நான் இன்னும் சொல்லவில்லை, நீயும் எழுதிவிடாதே.

அவளை நீ வையவும் வேண்டாம். மார்கழியில் பட்டாளத்திலிருந்து தந்தி வந்தபோது காயம் என்றுதான் இருந்தது, கால் என்று யாருக்குத் தெரியும்? தலைமயிரை அள்ளி முடியக்கூட நேரமில்லாமல் அம்மன் கோயிலுக்கு ஓடி, எம்புள்ளைய உசுரோட குடு தாயே, அவனே வந்து ஒன் பூக்குழில எறங்குவான் என்று நேர்ந்துவிட்டாள். சந்தோஷச் சேதி என்று பாலம்மாள் அதை உனக்கு எழுதிவிட்டாள். கணுக்காலோடு போன விஷயம் உன் கடிதத்தில் வந்த பிறகு உன் அம்மாள் சோற்றில் கை வைக்கவில்லை. உசுரக் குடுத்த தாயே திருப்பிக் கேட்டா நான் என்ன செய்வேன் என்று அரற்றினாள். நான் எத்தனையோ சமாதானம் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. கடைசியில் போன செவ்வாய்க்கிழமை பூசாரியிடம் போய்ப் பூக்கட்டிப் பார்த்தோம். நேர்ந்ததை நிறுத்த முடியாது, வெள்ளைப் பூ வந்தால் வீட்டு ஆண்பிள்ளை வேறொருவர் இறங்கலாம், சிவப்பு வந்தால் நீயேதான் இறங்கவேண்டும் என்று பேச்சு. இரண்டு பொட்டலத்தில் ஒன்றைப் பூசாரி எடுத்துப் பிரித்தார். வெள்ளை அரளி. உன் அம்மாள் அங்கேயே விழுந்து கும்பிட்டு அழுதாள். எனக்கும் கண் நிறைந்தது, மறு நிமிஷமே உள்ளங்கால் கூசியது. நம் வீட்டில் வேறு ஆண்பிள்ளை யார் இருக்கிறார்கள்?

ஆமாம் அய்யா, நான்தான். சிரிக்கிறாயா, சிரி. வருஷா வருஷம் கட்டை சுமந்து கொடுத்துவிட்டு, அனல் ஏறியதும் பந்தலுக்குப் பின்னால் போய் நிற்கிறவன் நான் என்று ஊருக்கே தெரியும். இருந்தாலும் அன்றைக்கே மஞ்சள் காப்பைக் கட்டிக்கொண்டேன், இனி அவிழ்க்க முடியாது. பயமாகத்தான் இருக்கிறது, உன்னிடம் மறைத்து என்ன? குழியின் நீளத்தை நினைத்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது, அதனால் நினைப்பதை விட்டுவிட்டேன். இன்றைக்கு ஒருபொழுது சாப்பாடு, வெற்றிலை கிடையாது, இன்றைய வேலை அத்தோடு சரி. வெற்றிலை இல்லாமல் ஒரு நாள் தள்ளுவதே எனக்குப் பெரிய பாடு என்பது உனக்குத் தெரியும். ஆனால் பொழுது அடையும்போது, தள்ளிவிட்டோமே என்று ஒரு தெம்பு வருகிறது, அந்தத் தெம்பில் மறுநாளும் போகிறது.

உன் வைராக்கியத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் நீ உழுதவன்தானே, வயல் முழுவதையும் ஒரே மூச்சில் உழுகிறேன் என்று எவனாவது ஏர் பூட்டுவானா? ஒரு துண்டுக்கு விளாப் பிடித்து அதை முடித்த பிறகுதானே அடுத்த விளா. முதலில் புண் ஆறட்டும். அப்புறம் கட்டிலை விட்டு இறங்கி நில். அது கைவந்தால் கம்பை ஊன்றி அடுத்த கட்டில் மட்டும் போய் வா, அங்கே கிடக்கிறவனிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பு. வார்டு எங்கேயும் ஓடிப்போகாது. வெறுப்பில் எட்டாத தூரத்தைக் குறித்துவிட்டு, அதை எட்டாததற்கு உன்னையே தண்டிக்கிறாய், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உனக்கு ஆசையான ஒன்றை நினைத்துக்கொள். ஆனியில் சாரல் தொடங்கிவிடும், ஐந்தருவிப் பக்கம் வண்டியை நிறுத்தி அந்தத் தூறலில் உட்கார்ந்திருக்கலாம், அதற்குக் கால் வேண்டியதில்லை. நீ நடந்துதான் வரவேண்டும் என்று எந்தப் பயல் சொன்னான்? தென்காசி ஸ்டேஷனில் நானும் நாறும்பூநாதனும் நிற்போம். அவனுக்கு ஒரு கை, எனக்கு இரண்டு, உன்னைத் தூக்கி வண்டியில் வைக்க அது போதும்.

உன் அம்மாள் இதையும் எழுதச் சொல்கிறாள்: ஒத்தக் காலோட வந்தாலும் எம்புள்ள எம்புள்ளதான், வரமாட்டேன்னு மட்டும் சொல்லாதலே என்று. பூக்குழி சித்திரை இரண்டாம் செவ்வாய். இந்தக் கடிதம் கண்டவுடன், வேறு எதற்கு முன்னாலும், அந்தத் துணியை அவிழ்த்து டாக்டரிடம் காட்டு. அவர் என்ன சொன்னாலும் ஒளிக்காமல் அப்படியே என் பேருக்கு ஒரு கார்டு எழுதிப் போடு. மனசு கலங்காமல் இறங்குகிறவனை அனல் ஒன்றும் செய்யாது என்று பூசாரி சொல்கிறார். உன் கார்டு வராமல் என் மனசு எப்படிக் கலங்காமல் இருக்கும்? ஆகையால் என் உள்ளங்கால் இரண்டும் இப்போது உன் கையில்தான் இருக்கிறது, பார்த்துக்கொள்.

தீர்க்காயுசாக இரு. உலகம்மனும் குற்றாலநாதரும் உன் தலைமாட்டில் இருந்து காக்க வேண்டியது.

இப்படிக்கு,
உன் கார்டை எதிர்பார்த்திருக்கும் அப்பா,
பிச்சையா