தெரபிஸ்ட் வீட்டுப் பிள்ளை

பிப்ரவரி 11

இன்றும் தெரபி நிறுவனத்துக்குப் போன் செய்தேன். அதே பெண், அதே தேன் தடவிய குரல். "உங்க பொண்ணு பேரு லிஸ்ட்ல இருக்கு மேடம். இடம் வந்ததும் நாங்களே கூப்பிடுவோம்." இரண்டு வருடமாக இருக்கிறது. பேர் அங்கே குடித்தனம் நடத்துகிறது, பிள்ளை மட்டும்தான் வீட்டில்.

ஆட்டிசம் தெரபி என்று பலகை மாட்டியவர்களுக்கு ஊரில் குறைவில்லை. ஒருவர் தலைக்குத் தேய்க்க எண்ணெய் விற்றார். ஒரு அம்மாள் பூனையை நாற்காலியில் துணியால் கட்டி உட்கார வைத்தாள். (பூனை என் மகள். நுனிக்காலில் நடப்பதால் வீட்டில் அந்தப் பெயர்.) "கொஞ்ச நாள் கத்துவா, அப்புறம் பழகிடும்" என்றாள். சான்றிதழ் எங்கே என்று கேட்டதற்கு, "அனுபவம்தாங்க சான்றிதழ்" என்றாள். கட்டை அவிழ்த்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்தது வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரிந்தது.

அன்று முடிவு செய்ததுதான். சான்றிதழ் உள்ள ஆள் கிடைக்காவிட்டால், நானே அந்த ஆளாகிவிடுவது. படிப்பும் ஆஸ்பத்திரியில் பயிற்சியும் முடியப்போகிறது. அடுத்த மாதம் பரீட்சை.

மார்ச் 16

எழுதிவிட்டேன். சுமார். ஒரு கேள்வி மட்டும் சிரிப்பு மூட்டியது: நெருங்கிய உறவினருக்குத் தெரபிஸ்ட் சிகிச்சை அளிக்கலாமா? கூடாது என்று குறித்தேன். நாத்தனார் ஞாபகம் வந்தது. கூடும் என்றாலும் அவளுக்குச் செய்யமாட்டேன்.

ஏப்ரல் 20

பாஸ்!

வீட்டுக்காரர் என் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார், கொஞ்சம் கோணலாக. நாத்தனார் போனில், "அப்பாடா, இனிமே குழந்தை சரியாயிடும்ல?" என்றாள். சரியாவதற்குக் குழந்தை என்ன பழுதான மிக்ஸியா? சண்டை போடவில்லை. இன்று யார் மீதும் கோபம் வரவில்லை.

பூனை சட்டத்தின் கண்ணாடியை நக்கிப் பார்த்தாள். அவளுக்காகத்தானே வாங்கியது, நக்கட்டும்.

மே 6

அந்த லிஸ்ட் வைத்திருக்கும் நிறுவனத்திலேயே வேலை! எங்கள் பக்கத்துக் கிளையில். நேர்முகத்தில் பூனையைப் பற்றி மூச்சு விடவில்லை. "முதல்ல உள்ள போ. அப்புறம் இடம் பிடிச்சுக்கலாம்" என்பது அவர் யோசனை.

முதல் நாளே ஒரு வாண்டு முழங்கையில் கடித்தது. பரவாயில்லை. அதற்கும் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

மே 27

அவர் ஆபீஸிலிருந்து கேக் பெட்டியோடு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. லிஸ்டில் அவர் நம்பர்தான் கொடுத்திருந்தோம். கூப்பிட்டுவிட்டார்கள்!

"நம்ம பக்கத்துக் கிளையில புதுசா ஒரு தெரபிஸ்ட் சேர்ந்திருக்காங்களாம். அதனாலதான் இடம் வந்திருக்காம். ரொம்பப் பொறுமைசாலியாம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அங்க புதுசா சேர்ந்தது நான் மட்டுந்தாங்க."

கேக் பெட்டியை அப்படியே தரையில் வைத்தார். பிறகு இரண்டு பேரும் கண்ணில் நீர் வருகிறவரை சிரித்தோம். பூனையும் காரணம் தெரியாமல் கூடச் சிரித்தாள். இடுப்பைக் கட்டிக்கொண்டு, என் வயிற்றில் முகத்தை அழுத்தி.

பொறுமைசாலியாம்! என்னைத் தெரியாதவர்கள் சொன்னது.

மே 28

முடியாதாம்.

மேடத்திடம் போய்ச் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். எங்கள் கிளையின் தலைமை அவர்தான். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சொந்தக் குழந்தைக்கு நீங்க செய்யக் கூடாது. இது உங்களுக்குத் தெரியும். பரீட்சையிலேயே கேட்டிருப்பாங்க."

கேட்டார்கள். சரியாகக் குறித்தேன். மார்க்கும் வாங்கினேன். அது என் மகளைப் பற்றிய கேள்வி என்று மட்டும் எனக்கு உறைக்கவில்லை. நாத்தனாரை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்! எவ்வளவு பெரிய மூளை எனக்கு.

"அப்ப நீங்க எடுத்துக்கோங்க மேடம்" என்றேன். அவருக்கும், இன்னொரு சீனியருக்கும் இடமே இல்லை. பழகிய குழந்தையை இன்னொருவருக்கு மாற்றவும் மாட்டார்களாம். இந்தக் கிளையில் சான்றிதழ் உள்ளவர்கள் மொத்தமே அவ்வளவுதான். அவர்களும் நானும்.

"நீங்க அவளுக்கு அம்மாவா இருங்க. அந்த வேலைக்கு வேற யாரும் வர முடியாது."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு — அம்மாவா இருக்கறது எப்படின்னு இவங்க எனக்குக் கிளாஸ் எடுக்கறாங்களா? ராத்தூக்கம் இல்லாம யாரு இருந்தது? படிச்சது யாருக்கு? ஊர்ல இருக்கற எல்லாப் புள்ளைக்கும் நான் தெரபிஸ்ட், பெத்த புள்ளைக்கு மட்டும் கூடாதா?

பூனைக்கு வந்த இடம் வேறொரு குழந்தைக்குப் போகிறது. திங்கட்கிழமை முதல், என்னிடமே.

ஜூன் 1

மிச்ச கேக்கைக் குப்பையில் போட்டேன்.

ஜூன் 9

பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பேசினோம். சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் சான்றிதழ் உள்ள ஒருவர் அவளுக்குத் தெரபி செய்துவருவதாக எழுதித் தரவேண்டும். ஏழு வயதுக்கு மேல் புதிதாகச் சேர்ப்பதில்லை. டிசம்பரில் அவளுக்கு ஏழு முடிகிறது.

"நானே சர்டிஃபைடுதாங்க" என்றேன். தலைமையாசிரியை பாவம் பார்த்துச் சிரித்தார். "அம்மா கையெழுத்து செல்லாதுங்களே."

ஜூன் 14

விதியை எழுதியவன் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்திருக்காது. என் வீட்டுக்குள் வந்து யார் கேட்கப்போகிறார்கள்?

இன்றே தொடங்கிவிட்டேன். படுக்கையறையில் மேஜை, எதிரெதிரே நாற்காலி, படம் போட்ட அட்டைகள். தண்ணீர், ஊஞ்சல், இன்னும், போதும். முதல் பாடம்: எதிரே உட்கார்ந்து, கைகளை முழங்காலில் வைத்து, "நான் தயார்" என்று காட்டுவது. வைத்தால் ஒரு திராட்சை.

அவர் கதவருகே நின்று பார்த்தார். "வீட்லயுமா?" என்றார். என்ன, வீட்லயுமா? வேறு எங்கே இருக்கிறது அவளுக்கு?

ஜூன் 30

பூனை கெட்டிக்காரி. இப்போது நான் உட்கார்ந்தாலே போதும், ஓடிவந்து எதிரே உட்கார்ந்து கைகளை முழங்காலில் வைத்துக்கொள்கிறாள். திராட்சைகூட வேண்டாம். கூடத்தில், சமையலறையில், எங்கே உட்கார்ந்தாலும்.

மேடம் பார்க்கவேண்டும் இதை.

ஜூலை 17

எங்கள் சென்டரில் உதவியாளராக ஒரு பெண் இருக்கிறாள். குரல் அப்படி என்பதால் கீச்சு என்று கூப்பிடுகிறார்கள், அவளும் கோபித்துக்கொள்வதில்லை. குழந்தைகள் அவள் மீது ஏறி விளையாடும். சான்றிதழ்ப் பரீட்சையில் மட்டும் தவறித் தவறி விழுகிறாள். "எனக்குப் படிப்பு ஏறாதுக்கா" என்றாள்.

அவள் பாஸானால் பூனையை எடுத்துக்கொள்ளலாம். கையெழுத்தும் போடலாம். மேடத்திடம் கேட்டேன், சரி என்றார்.

ஏறாதாமே. ஏற்றுகிறேன் பார்.

ஆகஸ்ட் 8

பகலில் ஊரார் பிள்ளைகள், சாயங்காலம் கீச்சு, அதற்கப்புறம் பூனை. தொண்டை கட்டிவிட்டது.

கீச்சுவைத் திட்டிவிட்டேன். பாடம் நடத்தும்போது அட்டைகளை வைத்துச் சீட்டுக்கட்டுக் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தாள். "உனக்கு இது விளையாட்டு, எனக்கு என் பொண்ணோட வாழ்க்கை" என்றேன். அழுதாள். பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, "அக்கா, மறுபடியும் சொல்லுங்க" என்று உட்கார்ந்தாள். ரோஷம் இல்லாத ஜென்மம். நல்லவள்தான்.

ஆகஸ்ட் 25

கடிக்கிற வாண்டு கடிப்பதை நிறுத்தி, "வேணாம்" என்று அட்டையை நீட்டக் கற்றுக்கொண்டான். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பொண்ணு குடுத்து வெச்சவ. வீட்லயே தெரபிஸ்ட்" என்றாள்.

வாஷ்பேசின் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

செப்டம்பர் 13

பூனைக்கு ஜுரம். நெற்றியைத் தொடலாம் என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். படுத்தபடியே கைகளை முழங்காலுக்குக் கொண்டுபோகப் பார்த்தாள்.

ஜுரத்திலும் மறக்கவில்லை. கெட்டிக்காரி என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

செப்டம்பர் 29

கீச்சு பாஸ். சென்டர் வாசலிலேயே என்னைத் தூக்கிச் சுற்றினாள், என் எடைக்கு!

அக்டோபர் 12

பூனைக்கு முதல் நாள்.

விதிப்படி நான் அறைக்குள் போகக்கூடாது, கண்ணாடி வழியாகவும் பார்க்கக்கூடாது. பெற்றோர் நாற்காலியில் உட்கார்ந்தேன். நான் தினமும் தாண்டிப்போகிற நாற்காலிதான். இவ்வளவு கடினமாக இருக்கும் என்று தெரியாது. பக்கத்தில் ஒருத்தி, "உங்க குழந்தைக்கு யாரு?" என்று கேட்டாள். "புதுசா பாஸானவங்க. ரொம்பப் பொறுமைசாலி" என்றேன்.

உள்ளேயிருந்து ஒரு சத்தம். யாரோ குழந்தை சிரிக்கிறது, விக்கி விக்கி. இந்தக் குரல் எங்கேயோ கேட்டதாயிற்றே என்றுதான் முதலில் நினைத்தேன். பெற்றவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

முடிந்து கீச்சு வெளியே வந்தாள், முடியெல்லாம் கலைந்து. "மேஜைகிட்டயே போகலக்கா. தரையில உருண்டோம். எம்மேல ஏறி உக்காந்துட்டா. அப்படி ஒரு சிரிப்பு! வீட்லயும் இப்படித்தான் சிரிப்பாளா?"

"ஆமா" என்றேன்.

பின்னாலேயே பூனை வந்தாள். சிரிப்பு இன்னும் வாயோரத்தில் இருந்தது. என்னைப் பார்த்தாள். எதிரே இருந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, முகத்தைச் சரிசெய்துகொண்டு, கைகளை முழங்காலில் வைத்தாள்.

கீச்சு முடியை ஒதுக்கிக்கொண்டே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. நான்தானே பாடம் நடத்தினேன், சொந்தக் குழந்தைக்குச் செய்யக் கூடாது என்ற விதி எதற்காக என்பது உட்பட. மனப்பாடமாக ஒப்பிப்பேன்.

அக்டோபர் 13

மேஜையை அவர் பின்கட்டுக்கு எடுத்துப்போனார். காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கத்தியிருப்பேன். அட்டைகளைக் கீச்சுவிடம் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 20

கீச்சு கையெழுத்துப் போட்டாள். பள்ளிக்கூடம் வாங்கிக்கொண்டது. ஜனவரியில் பூனைக்கு வகுப்பு. எல்லோரும் எனக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள். நாத்தனார்கூட. "உன்னால முடியாதது உண்டா?" என்றாள்.

உண்டு.

டிசம்பர் 4

தினமும் சாயங்காலம் கூடத்துத் தரையில் சும்மா உட்காருகிறேன். கையில் ஒன்றும் இல்லை, திராட்சை இல்லை, சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை.

இன்றும் வந்தாள். எதிரே உட்கார்ந்தாள். கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, நுனிக்காலில் ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

போகட்டும். நாளைக்கும் உட்காருவேன்.