அம்மன் ரசீதும் பால்வாடிக் கூரையும்

ஜூன் 9, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். கால் வீக்கம் குறையவில்லை. வசூலுக்கு நான்கு சந்து ஏறி இறங்கினதில் கிடைத்தது: காபி மூன்று, அறிவுரை ஏழு. பணம் சொல்கிற மாதிரி இல்லை.

பால்வாடிக் கூரை காற்றில் போய் ஒன்பது நாள். பதினான்கு பிள்ளைகள். எல்லாருடைய அம்மாக்களும் என்னோடு ரோடு பெருக்குகிறவர்கள். கட்டடச் சொந்தக்காரர் கவுடர் நேற்று வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுக் கன்னடத்தில் சொன்னார். "இப்பத்தரொளகெ ஷீட் ஹாக்ஸி. இல்லாந்த்ரெ பீக கொட்பிடி." இருபதாம் தேதிக்குள் ஷீட் போடாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டுமாம். வெங்காய மூட்டை அடுக்க இந்த இடத்தைக் கேட்கிறார்களாம்.

வேண்டியது பதினெட்டு ஷீட்.

லூ.மே. (லூர்து மேரி. முழுசாக எழுதினால் மை வீண்) தன் ஒன்றரை வயதுப் பெண்ணைக் குப்பைத் தள்ளுவண்டியில் சாக்கு விரித்து உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகிறாள். மேஸ்திரி பார்த்துவிட்டு, "இன்னொரு வாட்டி கொழந்தையோட பார்த்தேன், வேலைக்கே வராத" என்றானாம்.

"ராணியம்மா ஊர்வலம் போறாங்க, கொடை ஒண்ணுதான் பாக்கி" என்றேன். லூ.மே. சிரித்தாள். அப்புறம் அழுதாள். இனிமேல் கிண்டல் அளவாக.

ஜூன் 10, திங்கள்

மேகம். மழை இல்லை. வசூலில் தெரிந்துகொண்டது, மறக்காமல் இருக்க:

- பத்துத் தேதிக்குள் போகணும். இருபதுக்கு மேல் போனால் நம்மிடமே கைமாற்று கேட்பார்கள்.
- ஆம்பளையிடம் கேட்டால் "வீட்ல கேளு". பொம்பளையிடம் கேட்டால் "அவரு வரட்டும்". இரண்டு பேரும் இருக்கிற நேரம் பார்த்து நுழையணும்.
- "உதவி பண்ணுங்க" என்றால் சில்லறை. "ஒரு ஷீட்டு உங்க பேர்ல" என்றால் யோசிக்கிறார்கள்.
- நோட்டில் முதல் பெயர் தாராளமானவராக இருக்கணும். அடுத்த வீட்டுக்காரர் அதைப் பார்த்துத்தான் பையில் கையை விடுகிறார்.
- காபி கொடுத்தால் குடிக்கணும். வேண்டாம் என்றால் கோபம்.
- லூ.மே. பேசக்கூடாது. பிள்ளையோடு நின்றால் போதும்.

எல்லாரும் கேட்பது ஒன்று. ரசீது. இட்லிக்கடை ராஜம்மா: "ஏன்டி பாக்கியம், ரசீது இல்லாம காசு வாங்கினா அதுக்கு என்னா பேரு?"

"பாசம்" என்றேன். கதவைச் சாத்திவிட்டாள்.

ஜூன் 11, செவ்வாய்

வெயில். பத்து வீடு. ஒன்றும் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் வீட்டுக் காசை வெளியே விடமாட்டார்கள். நானே விடமாட்டேன். அப்படியானால் 14ஆம் தேதியும் போச்சு, 18ஆம் தேதியும் போச்சு.

குடை தேடிப் பரணில் கையை விட்டேன். குடை இல்லை. ரசீது புத்தகம் இரண்டு. போன வருடம் ஆடித் திருவிழாவில் மிச்சம். கொழுந்தன் ஏகாம்பரம் அம்மன் கோயில் கமிட்டி செயலாளர். கமிட்டிச் சாமான் பாதி என் பரணில்தான்.

ரசீதுதானே. மேலே பேனாவால் 'பால்வாடிக் கூரை' என்று எழுதினேன். எழுத்து கொஞ்சம் சின்னதாகிவிட்டது. அம்மன் படம் பெரிசு.

ஜூன் 12, புதன்

கொடுக்கிறார்கள். ரசீதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுக்கிறார்கள்.

லூ.மே. கையில் புத்தகத்தைக் கொடுத்தால் என்னிடமே திருப்பித் தருகிறாள். "அக்கா, நான் சர்ச்சுக்குப் போறவ. இத நான் எப்பிடி நீட்டுறது?"

"நீ புள்ளைய நீட்டு. நான் ரசீத நீட்டுறேன்."

கால் இன்று கல் மாதிரி.

ஜூன் 14, வெள்ளி

வெள்ளிக்கிழமையும் கொடுத்தார்கள். மஞ்சள் தடவின காசு. ராஜம்மா ஒரு முழு ஷீட்டுக்கான பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, "ஆத்தாவுக்குக் கூழு எப்போ ஊத்துறீங்க?" என்றாள்.

"ஊத்திடலாம்" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

புரியாமல் சொன்னேன் என்று எழுதலாம். யார் படிக்கப்போகிறார்கள். புரிந்துதான் சொன்னேன்.

ஜூன் 15, சனி

ஏகாம்பரம் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணி, ஆடி வசூலுக்குப் போனா, 'உங்க அண்ணி வந்து வாங்கிட்டுப் போய்ட்டாங்களே'ன்றாங்க. ஆத்தா பேர்ல வாங்கி ஷீட்டு போடப்போறீங்களா?"

"ஆத்தா ஒனக்கு மட்டுமா? ரேஷன் கார்டுல பேர் ஏத்திட்டியா?"

சிரிக்கவில்லை. எப்போதும் சிரிப்பான். "வீடு வீடாப் போய் உண்மையச் சொல்லுங்க அண்ணி. வேணும்னவங்களுக்குத் திருப்பிக் குடுங்க. நானும் கூட வரேன்."

கூட இருந்த லூ.மே. தலையைக் குனிந்துகொண்டு, "அதான் சரி அக்கா" என்றாள். இடுப்பில் பிள்ளை. கூரை இல்லையென்றால் வேலை போகப்போவது அவளுக்கு. அவளே சொன்ன பிறகு நான் என்ன பேச.

ஜூன் 16, ஞாயிறு

நாற்பத்தொரு வீடு. வாங்கும்போது நடந்ததைவிடச் சொல்லும்போது நடந்தது தூரம்.

திட்டு: நிறைய. "ஒன்ன நம்பி பூஜை ரூம்ல வெச்சிருக்கேன்டி இந்த ரசீத." ராஜம்மா பணத்தை வாங்கி, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். மற்ற யாரும் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் எல்லாரும் ஒரே பேச்சு: கூழ் ஊற்றியே ஆகணும்.

கடைசி வீட்டு அம்மா கேட்டது: "புள்ளைங்களுக்குன்னு நேரா சொல்றதுக்கு என்னா? இன்னும் கூடக் குடுத்திருப்பேனே."

அங்கேதான் வெட்கமாகிவிட்டது.

ஜூன் 18, செவ்வாய்

மழை விட்டு விட்டு. பதினேழு ஷீட் ஏறிவிட்டது. ஒன்று குறை. மூலையில் வானம். அதற்கு நேர் கீழேதான் தூளி கட்டுவது.

ஜூன் 19, புதன்

பால்வாடி வாசலில் கூழ். கேழ்வரகு ஏகாம்பரம் உபயம். துடுப்பு போட்டது லூ.மே. "அல்லேலூயான்னு ஒரு வாட்டி சொல்லிக் கிண்டு, ருசி கூடும்" என்றேன். துடுப்பால் அடிக்க வந்தாள். ஏகாம்பரம் சிரித்துவிட்டான். அப்பாடா.

ராஜம்மாவும் வந்தாள். தூக்குவாளியோடு. காசைத் திரும்ப வாங்கிக்கொண்டு கூழுக்கு வந்துவிட்டாளே என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு ஊற்றினேன்.

அவள் லூ.மே. பெண்ணுக்கு ஒரு விரல் கூழ் ஊட்டினாள். அண்ணாந்து பார்த்தாள். "இங்க என்னா ஓட்டை?"

"ஒன் ஷீட்டு" என்றேன்.

தூக்குவாளியை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 20, வியாழன்

விடியும் முன்பே நல்ல மழை. பெருக்கிவிட்டு எட்டு மணிக்கு வந்தால் பால்வாடி வாசலில் ராஜம்மா. தலைமேல் தகரம். அவள் கடை முன்னால் சாரலுக்குத் தடுப்பாக நிற்கிற தகரம்.

"காசெல்லாம் தர மாட்டேன். இது சும்மா கெடந்துச்சு."

சும்மா கிடக்கவில்லை. நேற்று மாலைவரை கடையில் பார்த்தேன்.

"ரசீது வேணுமா?" என்றேன். முறைத்தாள்.

ஏகாம்பரம் ஏறிப் போட்டான். உள்ளேயிருந்து பார்த்தால் மூலையில் 'இட்லி வடை ரெடி' என்று தலைகீழாகத் தெரிகிறது. பதினோரு மணிக்குக் கவுடர் வந்தார். அண்ணாந்தார். பதினெட்டையும் விரல் விட்டு எண்ணினார். சாவியைக் கேட்காமல் போனார்.

கால் வீக்கம் அப்படியே. மத்தியானம் சந்து முனையில் லூ.மே. வண்டி தள்ளிக்கொண்டு எதிரே வந்தாள். வண்டியில் குப்பை மட்டும்.