தகரக் கொட்டகைக்கும் வரி

காரைக்குடி,
வியாழக்கிழமை.

அன்பு மகள் கீர்த்திக்கு அப்பா முத்தரசு எழுதுவது. நாங்கள் சுகம். ஓசூரில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் வந்து நிற்பாள். அதனால் அவள் அனுப்பும் மிளகாய்ப்பொடி பார்சலுக்குள் இதை வைத்து ஒட்டுகிறேன்.

திங்கட்கிழமை கோர்ட்டில் என் மானம் போனது. நம் பாத்திரக்கடைக்கு ஐந்து வருட சொத்து வரி பாக்கி என்று வழக்கு. ரசீது இன்னும் செத்துப்போன உன் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. ‘இருளாண்டி’ என்று கூப்பிட்டதும் ‘இருக்கேங்கய்யா’ என்று கையைத் தூக்கிவிட்டேன். நீதிபதி காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தொண்ணூற்றாறு வயதுக்கு நன்றாகவே இருக்கிறீர்கள் என்றார். வக்கீல்கள் எல்லாம் சிரித்தார்கள்.

இந்த ஐந்து வருடமும் ஒரு நோட்டீசும் வரவில்லை மகளே. நானாக வரி ஆபீசுக்குப் போய்க் கேட்டபோது கம்ப்யூட்டர் ஓடவில்லை என்றார்கள். இப்போது நேராக சம்மன் வருகிறது.

ஆனால் வரி இவ்வளவு ஏறியதற்குக் காரணம் பக்கத்துப் பெயிண்ட் கடை மலையாண்டி. இல்லை, நான்தான். முன்பு வரி போடுவதற்காக அளக்க வந்தவர்கள் அவர் கடையை நானூற்று இருபது சதுரடி என்று எழுதினார்கள். நம்முடையது நானூறு. எனக்குப் பொறுக்கவில்லை. பின்னால் அண்டாக்களைக் கவிழ்த்து வைத்திருக்கும் தகரக் கொட்டகையையும் அளக்கச் சொல்லி, டேப்பின் மறுமுனையை நானே பிடித்தேன். அறுநூற்றுப் பத்து வந்தது. அன்று சாயங்காலம் மலையாண்டிக்கு டீ வாங்கிக் கொடுத்தேன் என்றால் பார்த்துக்கொள்.

அவர்மீதும் வழக்கு இருக்கிறது. ஆனால் அவர் மகன் சிவபிரகாஷ் சென்னையிலிருந்து லீவு போட்டு வந்திருந்தான். கையில் ஃபைல். நாலு வார்த்தை பேசித் தவணை வாங்கிவிட்டான். மலையாண்டி சம்பந்தி வீட்டுக்கு வந்தவர் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் காகிதங்கள் ஜவுளிக்கடைப் பையில் கசங்கிக் கிடந்தன. இத்தனை வருடம் அவர் கடையைப் பார்த்துப் பொறாமைப்பட்டதெல்லாம் சும்மா. அன்று பட்டதுதான் பொறாமை.

வெளியே வந்ததும் கூப்பிட்டார். “நீங்க ஏண்ணே தனியா அலையுறீக? தம்பிகிட்டக் குடுங்க, ஒங்களுக்கும் சேத்து மனு எழுதிருவான்.”

“வேணாம்ப்பா. எல்லாத்தையும் எம்மக பாத்துக்கிட்டா” என்றேன்.

இருபதாம் தேதிக்குள் பாதியைக் கட்ட வேண்டும். இல்லையென்றால் கடைக்கு சீல். அம்மாவுக்குத் தெரியாது. பணம் கேட்டு எழுதவில்லை. கொட்டகையைக் கழித்து மறுபடி அளக்கச் சொல்லவும், தவணை கேட்கவும் நீ ஒரு மனு எழுதி அனுப்பினால் போதும். ஒரு நாள் லீவு கிடைத்தால் இன்னும் நல்லது. கிடைக்காவிட்டாலும் மனதில் வைத்துக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு. வைரவர் சாமி உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார்.

நீ பார்த்துக்கொண்டாய் என்று மலையாண்டியிடம் சொன்னேனே தவிர, உனக்கு இன்னும் ஒன்றுமே தெரியாது என்பதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா