வெயிலில் வைத்த பிரேக் ஷூ

மச்சான்,

இந்தத் திங்கட்கிழமை கிள்ளான் பட்டறையில் பழைய இராணுவ லோரி ஒன்றின் பின்சக்கரப் பிரேக் டிரம்மைக் கழற்றினேன். குப்பென்று பெட்ரோல் வாடை. பிரேக்குக்குள் பெட்ரோலுக்கு என்ன வேலை? நீ வந்து பக்கத்தில் நின்ற மாதிரி இருந்தது.

ரவாங்கிலிருந்து அதை விற்க வந்த ஆள், "பிரேக் எல்லாம் புதுசு பாஸ். நீங்க தொடவே வேணாம் லா" என்றிருந்தான். தொட வேண்டாம் என்றதே எனக்குப் போதும். நான் வாங்கிச் சரிசெய்து கொடுத்தால் இந்த லோரி ஒரு மலைத் தோட்டத்துக்குப் போகும். டுரியான் கூடைகளோடு ஆட்களும் பின்னால் ஏறுவார்கள். இறக்கத்தில் பிரேக் வழுக்கினால் பள்ளம்தான்.

நாம் கூட்டாக வாங்கிய முதல் லோரியிலும் பிரேக் ஷூவில் ஒட்டிய லைனிங் இப்படித்தான் பளிச்சென்று இருந்தது. நான் மயங்கிவிட்டேன். நீ ஷூவை மோந்து பார்த்தாய். வெயிலில் கிடந்த தகரத்தின் மேல் வைத்துவிட்டு, கடைக்குத் தே குடிக்கக் கூட்டிப் போனாய். திரும்பி வந்தபோது லைனிங் முழுக்கக் கறுப்பாய்க் கசிந்திருந்தது. "எண்ணெய் குடிச்சத பெட்ரோல்ல குளிப்பாட்டி விக்கிறான். சூடு பட்டா கக்கிரும்" என்றாய்.

நானும் இந்த ஷூவை அப்படியே வெயிலில் வைத்தேன். ரவாங் ஆள் சிரித்தான். "என்ன பாஸ், அப்பளமா காய வைக்கிறீங்க?"

"ஆமா. இருந்து பாத்துட்டுப் போ."

கொஞ்ச நேரத்தில் வேர்த்தது, ஷூவுக்கும் அவனுக்கும்.

அச்சில் எண்ணெயைத் தடுக்கும் சீல் கிழிந்து எண்ணெய் டிரம்முக்குள் இறங்கியிருந்தது. லோரியை வாங்கிக்கொண்டு, எல்லாச் சக்கரத்துக்கும் சீலும் லைனிங்கும் நானே புதிதாகப் போட்டேன்.

சனிக்கிழமை தோட்டக்காரர் வந்து அவசரப்படுத்தினார். "முடிஞ்சிருச்சுல்ல அண்ணே, சாவியக் குடுங்க."

முடிந்துதான் இருந்தது. ஆனால் நான் பூட்டியதை நீ எப்போதும் மறுபடி கழற்றிப் பார்ப்பாய். "என்னையே நம்ப மாட்டியா?" என்று சண்டைக்கு வருவேன். "உன்ன நம்புறேன் மச்சான். உன் கையத்தான் நம்பல."

நீ போன பிறகு என் கையைச் சந்தேகிக்க ஆளில்லை. அவரை உட்காரச் சொல்லிவிட்டு, பூட்டிய சக்கரங்களை நானே ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஒரு குறையும் இல்லை. அதையும் நம்பாமல், பின்னால் மணல் மூட்டைகளை ஏற்றி, பட்டறைக்குப் பின்னாலுள்ள மேட்டிலிருந்து இறக்கி, நடுச்சரிவில் பிரேக்கை மிதித்தேன்.

நின்றது. பிறகுதான் சாவியைக் கொடுத்தேன்.