மீட்டர் முள் நின்ற மாதம்

நவம்பர் 3, திங்கள்

விடியும்போதே மழை. தேயிலை ஃபேக்டரியில் இரண்டாம் நம்பர் ரோலருக்கு பெல்ட் மாற்றம். முதுகுவலி. பல் டாக்டரிடம் போவது இந்த வாரமும் இல்லை.

காரின் ஸ்பீடோமீட்டரை இந்த வாரம் பார்த்தே ஆக வேண்டும். பார்வதி இட்லி வைத்துக்கொண்டே ஆரம்பித்துவிட்டாள். "தீபாவளிக்கும் வரல. ஒரே மக. ஞாயித்துக்கெழம நாமளே கம்போங் ராஜாவுக்கு, அவ வீட்டுக்குப் போயிட்டு வந்துருவோங்க." போகலாம். கையில் ஆதாரம் இல்லாமல் போகமாட்டேன்.

நடந்ததை எழுதி வைக்கிறேன், பிறகு ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எஸ்டேட்டின் பழைய துரை வேலையை விட்டுப் போகும்போது எனக்கு விற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். காருக்கு வயது முப்பத்தைந்து. ஆயுத பூசையன்று ஃபேக்டரி மிஷின்களோடு அதற்கும் சந்தனம், குங்குமம், மாலை. டயருக்கு எலுமிச்சம்பழம். பழம் நசுக்கியதும் முதல் ஓட்டம் மாப்பிள்ளைக்கு. மரியாதை, நானேதான் சாவியைக் கொடுத்தேன். சரவணன் பிரிஞ்சாங் டவுன் வரை போய் வந்தார். வந்து இறங்கும்போது மீட்டர் செத்துக் கிடந்தது. "வழியில நின்னு போச்சு மாமா" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. சுண்டல் தின்றுகொண்டிருந்த நாற்பது பேருக்கு முன்னால் நான் சொன்னது: "போறப்ப ஓடுச்சு, வர்றப்ப ஓடல. காய்கறி லோரி ஓட்டுற கைக்கு லோரிதான் சரி." தேவியும் அவரும் சாப்பிடாமலே புறப்பட்டார்கள்.

சொன்னது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை, பனிமூட்டம் மட்டும். லைன் வீடுகளின் முனையிலிருந்து ஃபேக்டரி கேட் வரை ஓட்டிப் பார்த்தேன். முள் பூஜ்யத்தில். கிலோமீட்டர் எண்களும் நகரவில்லை.

முள் மட்டும் நின்றால் மீட்டர் தலையில் கோளாறு. எண்ணும் சேர்ந்து நின்றால் கேபிள், இல்லையென்றால் கியர்பாக்ஸ் பக்கத்துப் பல்சக்கரம். ஆகக் கேபிள்தான். கேபிள் என்றால் ஓட்டியவர்தான்.

கணக்கெழுதும் கிராணி மருத்துவ லீவு. அவருடைய கொழுந்து எடை எழுதும் வேலையும் என் தலையில்.

நவம்பர் 5, புதன்

வேலை முடிந்து நாலரைக்கு காரை ஜாக்கியில் ஏற்றினேன். கியர்பாக்ஸ் முனையில் நட்டைக் கழற்றி உள்கம்பியை இழுத்தால் ஒரு சாண்தான் வந்தது. மீதி மீட்டர் பக்கத்திலேயே. முறுக்கி, திருகி அறுந்திருக்கிறது. கிரீஸுக்குக் குறைவில்லை, உறை நிறைய இருக்கிறது. பூசைக்கு முதல் நாள் ஃபேக்டரியில் எல்லா மிஷினுக்கும் புது கிரீஸ் வைப்பது முப்பது வருடப் பழக்கம். காருக்கும் நானே வைத்தேன். அந்த விஷயத்தில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

கம்பியை பார்வதியிடம் காட்டினேன்.

"பாத்தியா?"

"பாத்தேன். அறுந்திருக்கு. அவருதான் அறுத்தாருன்னு அதுல எழுதியிருக்கா?"

பழைய பேப்பரில் சுற்றி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு.

நவம்பர் 6, வியாழன்

அரை நாள் லீவு. பிரிஞ்சாங். வழியில் சுற்றுலா பஸ் ஒன்று வளைவில் மாட்டி முக்கால் மணி நேரம் வீண். வாங்கியது: பூண்டு, டார்ச் பேட்டரி, பார்வதிக்கு முட்டித் தைலம், கேபிள். இந்தக் காருக்கென்று கேபிள் இல்லை. ஒரு பழைய வேனுக்கு வந்தது, முனைச் சதுரம் பொருந்துகிறது, நீளம் கொஞ்சம் கூட.

ஸ்பேர் கடை முதலாளி தவுக்கே மலாயில் கேட்டார், மீட்டர் தலையைக் கையால் சுற்றிப் பார்த்தாயா, லேசாகச் சுற்றுகிறதா என்று. பார்த்தேன் என்றேன். பார்க்கவில்லை.

நவம்பர் 8, சனி

நேற்று எழுதவில்லை. டிரையர் மக்கர்.

இன்று மதியம் புதுக் கேபிள் மாட்டி, உருட்டினேன். நடக்கிற வேகத்தில் போகும்போது முள் நூற்று நாற்பதுக்குப் பாய்ந்து நடுங்கியது. டேஷ்போர்டுக்குள் கீச்சென்று சத்தம். நிறுத்திவிட்டேன்.

நாலு ஸ்க்ரூ. மீட்டரை வெளியே எடுத்தேன். பின்னால் கேபிள் நுழையும் தண்டு விரலுக்குச் சுற்றவில்லை. குறடு போட்டால் கொஞ்சம் அசைகிறது. மூடியைத் திறந்தேன். உள்ளே முழுக்க கிரீஸ். கறுப்பு, கெட்டி. வாசனையிலேயே தெரிந்துவிட்டது. ஃபேக்டரி ரோலர் பேரிங்குக்குப் போடும் டிரம் கிரீஸ்.

ரோலர் எந்நேரமும் சூடாக இருக்கும், அதற்கு அது சரி. இந்தக் குளிரில் காருக்குள் ஆறிப்போன அல்வா மாதிரி இறுகிவிடும். சுற்றுகிற கேபிள் அதை மேலே மேலே ஏற்றி மீட்டருக்குள் திணித்திருக்கிறது. தலை இறுகியதும் கம்பி முறுக்கி அறுந்தது. யார் ஓட்டியிருந்தாலும் பிரிஞ்சாங் போய்த் திரும்புவதற்குள் அறுந்திருக்கும். நான் ஓட்டியிருந்தாலும்.

கேபிளுக்கு மெல்லிய எண்ணெய் லேசாகத் தடவினால் போதும், மீட்டர் பக்கம் ஒரு சாணுக்குக் காய்ந்தே இருக்க வேண்டும். எனக்குத் தெரியாதது அல்ல. பூசை வேலை மும்முரத்தில் டிரம்முக்குள் கை தானாகப் போயிருக்கிறது. தலை இறுகினாலும் முள்ளும் எண்ணும் சேர்ந்துதான் நிற்கும், செவ்வாய்க்கிழமை அதை நான் எழுதவே இல்லை. கேபிள் என்று முடிவு செய்துவிட்டுத்தான் தேடவே ஆரம்பித்தேன்.

வெட்கமாக இருக்கிறது. முப்பது வருட ஃபிட்டர்.

பார்வதியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே துணி மடித்தாள். "நாளைக்கு எந்தச் சட்ட போடறீங்க?" என்றாள்.

நவம்பர் 9, ஞாயிறு

கம்போங் ராஜா. மீட்டர் இருந்த இடம் ஓட்டையாகத் தெரிய அதே காரில். தூறல். கான்வாஸ் கூரை இடது பக்கம் ஒழுகி பார்வதியின் தோள் நனைந்தது.

சரவணன் லோரி கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீரை நிறுத்திவிட்டு "வாங்க மாமா" என்றார். நின்றபடியே சொல்லிவிட்டேன், உட்கார்ந்தால் வராது என்று பயம். "மாப்பிள்ள, தப்பு என்னுது. கிரீஸு."

"தெரியும் மாமா."

எப்படி என்று கேட்டேன்.

"அன்னைக்கு பிரிஞ்சாங்ல ஓரமா நிறுத்தி, டேஷ்போர்டுக்கு அடியில கைய விட்டு கேபிள கழட்டிப் பாத்தேன். கை பூரா ஃபேக்டரி கிரீஸு. தொடச்சிட்டு திரும்ப மாட்டிட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"ஒங்க ஆளுங்க அத்தன பேரு நிக்கிறாங்க. நீங்க ஃபிட்டரு. எப்படி மாமா சொல்றது? ரெண்டு நாள்ல நீங்களே கண்டுபுடிச்சிருவீங்கன்னு தேவிகிட்ட சொன்னேன் லா."

ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

தேவி டீயை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். இளைத்திருக்கிறாள். "தீபாவளிக்கு வருவீங்கன்னு பலகாரம் எடுத்து வெச்சேன்" என்றாள். பிறகு சொன்னாள்: "நாப்பது பேரு முன்னால சொன்னீங்க. இப்ப வீட்டுக்குள்ள வந்து காதோட சொன்னா சரியாயிருமாப்பா?"

சரவணன், "விடு தேவி" என்றார். அவள் விடவில்லை. என் மகள்தானே.

பார்வதி இரண்டு நாள் அங்கேயே இருக்கிறாளாம். தனியாகத் திரும்பினேன். காய்கறி லோரிகள் எதிரே வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் ஒதுங்கி வழிவிட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

குளிர் அதிகம். காலைப் பெரட்டில், கங்காணி பேர் கூப்பிட்டு வேலை பிரித்து முடித்ததும், ஒரு நிமிஷம் என்று சொல்லி முன்னால் போய் நின்றேன். தமிழில் ஒரு தடவை, பங்களாதேஷ் ஆட்களுக்காக மலாயில் ஒரு தடவை. மருமகன் மேல் தப்பில்லை, கிரீஸ் வைத்தது நான், பேசியதும் தப்பு. ஒருவன் எந்த மருமகன் என்று கேட்டான்.

எண்ணிப் பார்த்தேன், அன்று இருந்த நாற்பதில் பதினெட்டுப் பேர். மற்றவர்கள் வேறு ஷிப்ட், சிலர் கொழுந்து மலையில். எலெக்ட்ரீஷியன் மணியம், "பாக்கி பேருக்கு நாங்க சொல்லிக்கிறோம், நீ போய் ரோலர பாரு லா" என்றான். வேண்டாம் என்றேன்.

மாலை லைனில் வீடு வீடாக. ஐந்தாவது வீட்டில் கொழுந்து பறிக்கும் மாரியம்மா. முழுக்கக் கேட்டாள். "அன்னைக்கு மாப்பிள்ளய அப்பிடிச் சொன்னப்பவே எனக்கு மனசு கேக்கல அண்ணே. தங்கமான புள்ள."

அப்போதே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"ஒங்ககிட்ட யாரு அண்ணே சொல்றது?"

இன்னும் ஏழு வீடு.