பரமசிவத்தின் இடது பக்கம்

மாசி 9, வெள்ளி

காலையில் பனி. எட்டு மணிக்கே வெயில். டாக்டர் காலரா ஊசி போடக் காரியாபட்டிப் பக்கம் போய்விட்டார். திருச்சுழி ஆஸ்பத்திரியில் நான் மட்டும். பெயருக்குத்தான் கம்பவுண்டர், இன்று எல்லாம் நானே. இருமல் மருந்து இரண்டு ஜாடி கலக்கினேன். புட்டிக்கு கார்க் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

பதினொரு மணி வாக்கில் வரிசையின் கடைசியில் ஒருவர், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு. நிமிர்ந்து பார்த்தேன். பரமசிவம்! அருப்புக்கோட்டை மில் ஹாக்கி டீமின் கோல்கீப்பர். ஆறு வருஷமாக ஞாயிறு தவறாமல் பஸ் ஏறிப் போய் நான் பார்க்கிற ஆள். இவ்வளவு கிட்டத்தில் பார்த்தது இல்லை. மூக்கில் அம்மைத் தழும்பு இருப்பதே இன்றுதான் தெரியும்.

"அருப்புக்கோட்டையிலயே ஆஸ்பத்திரி இருக்கேண்ணே. இம்புட்டுத் தூரம் வந்திருக்கீகளே?"

"அங்க என்னைய எல்லாருக்கும் தெரியும் தம்பி."

இடது கண். சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை. வலது கண்ணைப் பொத்திக்கொள்ளச் சொல்லி விரலை நீட்டினேன். எத்தனை என்று கேட்டேன்.

"விரலா காட்டுறீக?" என்றார்.

ஐப்பசியில் ஒரு பந்து நெற்றிப்பொட்டில் அடித்ததாம். அதிலிருந்து புகை மாதிரி. ஒரு மாதமாக முழு இருட்டு. வலது கண் நன்றாக இருக்கிறது. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு உடனே போகச் சொன்னேன். அடுத்த ஞாயிறு மதுரை டீமோடு கோப்பை ஆட்டம், அது முடியட்டும் என்றார்.

"வெளிய சொல்லிராதீக தம்பி. மில்லுல எனக்கு நூல் பிரிவுல வேலைன்னு பேரு. என்னைய எடுத்தது ஹாக்கி மட்டைக்காக. கோல்ல நிக்கலேன்னா வேலையும் இல்ல, மில்லு குடுத்த லைன் வீடும் இல்ல. ரெண்டு பொம்பளப் பிள்ளைக."

தலையாட்டிவிட்டேன். நோட்டில் 'கண் எரிச்சல்' என்று எழுதினேன். பொய்யா? எரிச்சலும் இருக்கிறது என்று அவரே சொன்னாரே.

மாசி 11, ஞாயிறு

அருப்புக்கோட்டை போனேன். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியடுப்பில் ஓடும் பஸ் வழியில் இரண்டு தடவை நின்றது, அடுப்பைக் கிளற. வேட்டியெல்லாம் கரித்தூள்.

மில் மைதானத்தின் குட்டிச்சுவர்மேல் நம் கூட்டம். ராமலிங்கம் (ரா.) எனக்கு முன்பே வந்து இடம் பிடித்திருந்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு நாங்கள். இப்போது தறி நெய்கிறான். வீட்டில் கன்னடம், சுவர்மேல் தமிழ், கோல் விழுந்தால் இரண்டும். நூல் கட்டு சுற்றி வந்த காகிதத்தில் டீமை எழுதிக் கொண்டுவந்திருந்தான். அதை வாசித்து வாசித்துச் சண்டை:

கோல் - பரமசிவம். பேச்சே இல்லை.
வலது பேக் - முழங்காலில் வீக்கம். மருந்துப் பத்துப் போட்டிருக்கிறானாம்.
இடது பேக் - அந்தோணி. இளரத்தம். ஏறி அடிப்பான்.
நடுவில் மூன்று பேர் - சரி.
முன்னால் ஐந்து பேர் - இரண்டு பேர் ஓடுவார்கள், மூன்று பேர் கத்துவார்கள்.

"பதினோரு பேரு யாருகிட்டயும் இருப்பான். பின்னால ஆளு இருக்கா? அதச் சொல்லுங்கலே," என்றான் ரா. "ஒருத்தனுக்குக் காலு பிசகுனா யாரு எறங்குவா?"

பேக்குக்கு மாற்று ஒருவன் உண்டு. முன்னால் ஆட இன்னொருவன். கோலுக்கு மாற்று குருசாமி.

"குருசாமியா? பந்து வந்தா கும்புடுவான்!" என்றது ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

பயிற்சி ஆட்டம் முழுவதும் பரமசிவத்தையே பார்த்தேன். இடது பக்கம் பார்க்க முழுத்தலையையும் திருப்புகிறார், வண்டி மாடு மாதிரி. யார் கண்ணிலும் படவில்லை. இடது பக்கமிருந்து சோப்ளாங்கியாக ஒரு பந்து உருண்டு உள்ளே போனது. "வெயில் கண்ணுல அடிச்சிருக்கும்," என்றார்கள். வெயில் அவர் முதுகுப் பக்கம் இருந்தது.

"என்னலே ஊமையா இருக்க? கோல் எப்படி, சொல்லு," என்றான் ரா.

"கோலுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு."

மாசி 14, புதன்

டாக்டர் வந்துவிட்டார். வெளியே புழுதிக் காற்று. மருந்து அலமாரிக்குள்ளும் மண்.

பெயர் சொல்லாமல் கேட்டேன். இப்படி ஒரு ஆள், ஒரு கண் போய்விட்டது, நெற்றியில் அடி.

"யாரு?"

"காடு கழனி பாக்கிற ஒரு சம்சாரிங்க."

"மதுரைக்குப் போகச் சொல்லு. போன கண்ணு போகட்டும், இருக்கிற கண்ணு முக்கியம். இனி தலையில அடி படாம இருக்கணும். வரப்புல நடக்கும்போதுகூடக் கவனமா நடக்கச் சொல்லு."

வரப்பில் நடக்கவே கவனம் வேண்டுமாம். இவர் நெஞ்சுக்கு நேராகப் பந்து வரும் இடத்தில் நிற்கிறார்.

சொன்னால் வேலை போகும், வீடு போகும், நான் தலையாட்டியதும் பொய்யாகும். சொல்லாவிட்டால் இன்னொரு கண்ணும் போகலாம், கோப்பையும் போகலாம். கோப்பையைக் கண்ணோடு சேர்த்து எழுதிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் தோன்றியது, எழுதியதை அடித்து அழிக்கவில்லை.

கம்பவுண்டராக நினைத்தால் ஒன்று சரி. சுவர்மேல் உட்காருகிறவனாக நினைத்தால் வேறொன்று சரி. ரா.விடம் மட்டும் சொல்லலாமா? அவனிடம் சொன்னால் அது ஊருக்கே சொன்னது.

மாசி 16, வெள்ளி

கார்க் வாங்கவென்று அருப்புக்கோட்டை போனேன். கார்க் கிடைக்கவில்லை.

பஸ் நிற்கும் இடத்தருகே டீக்கடையில் அந்தோணி. இடது பேக். இருபத்து மூன்று வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான், சுவர் மேல் உட்காருகிற முகம் என்று தெரிந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்தேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. வாய் தானாகப் பேசிவிட்டது.

"ஞாயித்துக்கெழம நீ ஏறிப் போகாத. கோல்கீப்பருக்கு எடது பக்கத்துலயே நில்லு. அந்தப் பக்கத்த விட்டு அசையாத."

"மில்லு டீம் செக்ரட்டரி ஏறி அடிக்கச் சொல்லியிருக்காக சார்."

"மதுரைக்காரன் அந்தப் பக்கமாத்தான் வருவான். காத்து மாதிரி ஓடுற ஆளு. நான் பாத்திருக்கேன்."

மிச்ச டீயைக் குடித்து முடித்தான். "ஆறு வருசமா பாக்கிறவுக சொல்றீக. சரி சார்."

திரும்பி வரும்போது நிம்மதி. யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, இடது பக்கத்துக்கும் காவல் போட்டாயிற்று. நல்ல யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மாசி 18, ஞாயிறு

மேகம். நாலு தூறல், அவ்வளவுதான். கரிசல் மண் வாசம் மட்டும் கிளம்பியது. மைதானத்தில் காலூன்ற இடமில்லை. தறியை நிறுத்திவிட்டு நெசவாளர் தெரு முழுவதும், திருச்சுழிப் பக்கமிருந்து வண்டி கட்டிக்கொண்டு சம்சாரிகள். தொண்டை போய்விட்டது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

முதல் பாதி. மதுரைக்காரர்கள் இடது பக்கமாகவே வந்தார்கள். அந்தோணி ஆணி அடித்தாற்போல அங்கேயே நின்றான். இரண்டு பந்து அவனையும் தாண்டி வந்தது. இரண்டையும் பரமசிவம் காலால் தடுத்தார். எப்படி? எனக்குப் புரியவே இல்லை. பார்வை இல்லாத பக்கம் அது. "பாத்தியாலே, ஆயிரங்கண்ணு!" என்று ரா. என் முதுகில் அறைந்தான்.

இரண்டாம் பாதி. எங்கள் செக்ரட்டரி கோட்டுக்கு வெளியே நின்று கத்தினார்: "அந்தோணி, ஏறுலே! ஏறு!" அந்தோணி நான் இருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். ஏறவில்லை. ஏறிப்போய் அவன் நிற்க வேண்டிய முன்னிடம் வெறுமையாகக் கிடந்தது. அங்கே ஒரு மதுரைக்காரன் தனியாக நின்று, பந்தை வாங்கி, நிதானமாக அடித்தான். வலது மூலையில் போய் விழுந்தது. வலது! பரமசிவத்தின் நல்ல கண் இருக்கிற பக்கம். அது எந்தக் கோல்கீப்பராலும் பிடிக்கக்கூடிய பந்து இல்லை.

ஒரு கோல். தோற்றோம்.

ரா. அழுதான். "அந்தோணிப் பயதான். தூண் மாதிரி நின்னுட்டான்." கூட்டம் முழுவதும் அதையே சொன்னது. மண்கட்டி எறிந்தார்கள். ஒன்று அவன் தோளில் பட்டது.

அப்படியானால் கண்ணால் தோற்கவில்லை. என்னால் தோற்றோம். கண்ணுக்காகத்தானே நான் சொன்னேன்? அப்படியானால் கண்ணாலும்தான். என்ன எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

மாசி 20, செவ்வாய்

சிரங்குக் களிம்பு அரைத்தேன். பஸ் கண்டக்டர் கட்டு மாற்ற வந்தார், சேதியோடு. அந்தோணியை டீமிலிருந்து எடுத்துவிட்டார்கள். சொல் பேச்சுக் கேட்காதவன் மில்லுக்கும் வேண்டாம் என்று செக்ரட்டரி சொல்லிவிட்டாராம்.

"நல்லதுதான். தூங்கிட்டான்ல பய," என்றார் கண்டக்டர்.

கட்டை இறுக்கிப் போட்டுவிட்டேன். அவிழ்த்து மறுபடி போட்டேன்.

மாசி 21, புதன்

அந்தோணி வந்தான். ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் கடைசி ஆள் போகும்வரை காத்திருந்தான். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போறேன் சார். எதுக்கு அங்க நிக்கச் சொன்னீக?"

கையிலிருந்த புட்டியைத் துடைத்தேன்.

"நீங்க வேணும்னே செய்யலன்னு தெரியும். காரணம் தெரிஞ்சா போதும். எங்கய்யா கேக்காக, அம்மா கேக்காக. நான் என்னத்தச் சொல்ல? பரமசிவம் அண்ணன்கிட்டயும் போயிக் கேட்டேன். இப்படி ஒரு கம்பவுண்டரு சொன்னாருண்ணே, எதுக்கா இருக்கும்னு. அவுக உள்ள போயிட்டாக."

"நாளைக்கு வாரேன்," என்றேன். "செக்ரட்டரிகிட்ட நானே சொல்றேன்."

"எதச் சொல்லுவீக?"



மாசி 22, வியாழன்

அரை நாள் லீவு. வயிற்று வலி என்று எழுதிக் கொடுத்தேன். வலி உண்மையாகவே இருந்தது.

வழியெல்லாம் வசனம் பழகினேன்: 'நான்தான் அந்தோணியை நிறுத்தினேன். ஆட்டப் பைத்தியம். புத்தியில்லாமல் சொல்லிவிட்டேன்.' இவ்வளவோடு நிறுத்திக்கொள்வது. கண்ணைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது.

மில் கேட்டில் பரமசிவம் எதிரே வந்தார். நான் அவருடைய இடது பக்கம் நின்றேன் போல. தாண்டிப் போய்விட்டார். "அண்ணே" என்றதும் தலையைத் திருப்பித் தேடினார்.

"சொல்லிட்டேன் தம்பி."

"எதண்ணே?"

"கண்ண. அந்தப் பய வந்து கேட்டான்ல, எதுக்கு நிக்கச் சொன்னாகன்னு. அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. என் கண்ணுக்கு அவன் கூலி குடுக்க முடியுமா?"

செக்ரட்டரி என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"எந்திரிச்சுப் போயி, ஒரு கண்ணப் பொத்திக்கிட்டு ஜன்னல் வழியா மைதானத்தப் பாத்தாக. ரொம்ப நேரம் பாத்தாக. அப்புறம் அந்தோணியக் கூட்டிட்டு வரச் சொன்னாக."

அந்தோணிக்கு வேலை திரும்பியது, டீமும். பரமசிவம் திங்கட்கிழமை மதுரை போகிறார். அங்கே என்ன சொல்கிறார்கள் என்று தெரியும்வரை லைன் வீடு உண்டு.

"அதுக்கப்புறம்?"

"கேக்கல தம்பி. கேட்டா சொல்லிருவாகல்ல."

அந்த இரண்டு பந்தை எப்படித் தடுத்தீர்கள் என்று கேட்டேன். இந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா? கேட்டுவிட்டேன். மட்டையில் பந்து படுகிற சத்தத்தை வைத்துக் காலை நீட்டினாராம். "ஒண்ணு அப்படி. இன்னொன்னு தானா வந்து கால்ல பட்டுச்சு."

என்மேல் கோபமா என்று கேட்க நினைத்தேன். பஸ் வந்துவிட்டது.

மாசி 25, ஞாயிறு

வெயில். காற்றே இல்லை. போகலாமா வேண்டாமா என்று பஸ் கிளம்பும்வரை யோசனை. போனேன்.

ரா.வுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் ஏறி உட்கார்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மைதானத்தைப் பார்த்தபடியே சொன்னான்:

"பக்கத்துலயே உக்காந்து, கோல் நல்லாத்தான் இருக்குன்ன."

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் மாதிரிலே."

"எனக்குச் சொல்லிருக்கணும்னு சொல்லல. எல்லாந் தெரிஞ்சுக்கிட்டே சிரிச்சேல்ல, குருசாமியச் சொல்லி எல்லாரும் சிரிக்கையில. அதுதாம்லே."

ஆனால் ரா. எழுந்து போகவில்லை.

பயிற்சி ஆட்டம். கோலில் குருசாமி. இடது பேக் அந்தோணி, பழையபடி ஏறி ஏறி அடித்தான். என் பக்கம் பார்க்கவில்லை.

பாதி ஆட்டத்தில் பரமசிவம் வந்தார். சட்டை, வேட்டி. அவரை வேட்டியோடு மைதானத்தில் யாரும் பார்த்ததில்லை. எங்கே போவதென்று தெரியாமல் கோட்டோரம் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு எங்கள் சுவருக்கு வந்தார். ரா. எழுந்து, எனக்கும் தனக்கும் நடுவே இடம் விட்டான். உட்கார்ந்தார்.

ரா.தான் முதலில் கேட்டான்: "குருசாமி எப்படிண்ணே? தேறுவானா?"

"பயம் இருக்கு. பயப்படுறவந்தான் கோல்ல நிப்பான். கால ரொம்ப ஒட்டி வைக்கான். சொல்லிக் குடுத்தா சரியாப்போகும்."

ரா. காகிதத்தை எடுத்து அதை எழுதிக்கொண்டான்.

குருசாமியின் கோல் எங்களுக்கு இடது கைப்பக்கம். அங்கே திடீரென்று மட்டைச் சத்தம், கூச்சல், புழுதி. பரமசிவம் தலையைத் திருப்பினார். அதற்குள் எல்லாம் முடிந்து, ஆட்கள் பிரிந்து நடந்துகொண்டிருந்தார்கள்.

என் தொடையில் கை வைத்தார். "உள்ள போயிருச்சா தம்பி?"

எனக்குத் தெரியவில்லை. நான் பந்தைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.